சிவப்புப் பட்டையைக் கட்டியது யார்?

"என் தம்பியை அவன் பொண்டாட்டிதான் கொன்னுட்டா. நீங்க அதை நிரூபிச்சுக் குடுங்க."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பாதி வேலை முடிந்தது என்று உதவியாளன் மகிழ்ந்தான். அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் அவனுக்கு 'அவசரம்' என்று பட்டம். அரைவழுக்கை விழுந்தும் வேகம் குறையவில்லை. அவன் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல் தவறு. அலுவலகத்தை நடத்தும் மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னாள் மருந்து ஆய்வாளர். கண்ணாடியைத் துடைத்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"கால்ல கட்டி வந்துச்சு. அவ முக்கு மருந்துக் கடையில அமாக்சிசிலின் கேப்சூல் வாங்கிக் குடுத்திருக்கா. அது பெனிசிலின் வகையாம். தம்பிக்குத்தான் பெனிசிலின் ஒத்துக்காதே! காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில சேர்த்து, போயே போயிட்டான். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அடுத்தது போலீஸ். அப்புறம் அந்த வீட்டுல அவளுக்கு என்ன வேலை?"

ஆஸ்பத்திரியில், தம்பிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் அவசரம் முந்திக்கொண்டான். "பெனிசிலின் அலர்ஜி இருக்கற ஆளு கேப்சூல் சாப்பிட்டா சாவு வருமா?"

மேடம் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"வரலாம். ஆனா இவருக்குத் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் எதுவுமே இல்ல," என்றார் டாக்டர். "கட்டியில இருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ், சுருக்கமா ஸ்டாஃப்ங்கற கிருமி ரத்தத்துல கலந்து இதய வால்வுல உக்காந்துடுச்சு. நாங்க ஜாக்கிரதையாத்தான் இருந்தோம். கையில சிவப்பு அலர்ஜிப் பட்டை கட்டி, பெனிசிலினோட சொந்தபந்தம் எதையும் கிட்ட சேர்க்கல. வேற வகையான வான்கோமைசின்தான் குடுத்தோம்."

"பட்டை இல்லாம இருந்திருந்தா?"

"பெனிசிலின் வகையிலேயே க்ளாக்சசிலின்னு ஒண்ணு, அதைக் குடுத்திருப்போம். இந்தக் கிருமிக்கு அதுதான் சரியான அடி."

மறுநாள் மாலை இறந்தவரின் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மனைவி சுவரோரம் நின்றாள். நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் வாசல் பக்கமாகவே இடம் பிடித்துக்கொண்டார்.

"கேப்சூலை எல்லாம் சாப்பிட்டாராம்மா?" என்று மேடம் கேட்டார்.

மனைவி காலி அட்டையை எடுத்துக் காட்டினாள். "ஒரு அட்டை முழுசும். உடம்புல ஒரு அரிப்புகூட இல்ல. குணமும் ஆகல."

"குணமாகாது. பெனிசிலின்ல நாலு மூலை வளையம் ஒண்ணு உண்டு, பீட்டா லாக்டம்னு பேரு. வலுக்கட்டாயமா வளைச்ச மூங்கில் மாதிரி, எப்ப தெறிக்கலாம்னு இருக்கும். கிருமி தன்னோட சுவரைக் கட்ட ஒரு நொதி வச்சிருக்கு. அது தொட்டதும் வளையம் உடைஞ்சு அதோடயே ஒட்டிக்கும். கொத்தனார் கை ஒட்டிப்போச்சுன்னா சுவர் ஏது? கிருமி வெடிச்சுடும். ஆனா இந்த ஸ்டாஃப், வளையத்தை முன்கூட்டியே நறுக்கிப்போட வேற ஒரு நொதி வச்சிருந்தது. க்ளாக்சசிலின்ல வளையத்துக்குப் பக்கத்துல காவல் இருக்கு, நறுக்க முடியாது. உங்க கேப்சூல்ல அந்தக் காவல் இல்ல. வீணான மருந்து, விஷம் இல்ல. ஒரு அட்டை தின்னும் தடிப்பு வரலைன்னா, அவருக்கு அலர்ஜியே இல்லைன்னுதான் நினைக்கறேன்."

"அப்ப பட்டை?" என்றார் நாத்தனார். "இல்லாத நோய்க்குப் பட்டை கட்டினவன் எவன்? அவன் மேல கேஸ் போடுங்க!"

"சேர்க்கும்போது கூட யார் இருந்தாங்க?"

"நான்தான். இவ கீழே சீட்டு வாங்க நின்னா."

"என்ன கேட்டாங்க?"

"ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு கேட்டாங்க. பெனிசிலின் ஒத்துக்காதுன்னு சொன்னேன்."

"ஒத்துக்காதுன்னா, என்ன ஆகும்?"

"சின்ன வயசுல குடுத்தப்ப வயித்தால போச்சு. ரெண்டு நாள் படுத்த படுக்கை..."

அவர் நிறுத்தினார்.

"வயித்தால போறது அலர்ஜி இல்ல," என்றார் மேடம் மெதுவாக. "நீங்க சொன்ன சொல் ஒண்ணு, அவங்க காதுல விழுந்தது வேற. நம்ம அவசரத்துக்கும் அப்படித்தான் விழுந்தது. நீங்க அலர்ஜின்னு ஒரு தடவைகூடச் சொல்லல. இவர்தான் டாக்டர்கிட்ட சொன்னார்."

வெள்ளைக்கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் இருந்திருந்தால் அவசரமும் அந்தப் பட்டையைக் கட்டியிருப்பான்.

"நான் ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்கணும்," என்றார் டாக்டர் தரையைப் பார்த்து. "க்ளாக்சசிலின் குடுத்திருந்தா பொழைச்சிருப்பார்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா வாய்ப்பு அதிகம்."

நாத்தனாரின் முகம் கரைந்தது. எழுந்து தடுமாறி மனைவியின் கையைப் பிடித்தார். முதலில் வந்த பேச்சு அழுகையாக இல்லை.

"இது வெளியில தெரிய வேண்டாம்மா."

மனைவி கையை உருவிக்கொண்டாள். அத்தனை நாளில் அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"தெரு பூரா என்னைக் கொலைகாரின்னு சொன்னீங்களே அண்ணி. பால்காரர் என் கையில காசு வாங்க யோசிக்கறார். அதை யார் போய்த் திருப்பிச் சொல்றது?"

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு செருப்பை மட்டும் மாட்டியிருந்தார். இன்னொன்று வாசலிலேயே கிடந்தது.

ஜன்னல் வழியே அவசரம் பார்த்தான். எதிர்வீட்டுக் கதவைத் தட்ட அவர் கை உயர்வதும் இறங்குவதுமாக இருந்தது. பிறகு தட்டிவிட்டார். கதவு திறந்தது. அவர் என்ன சொன்னார் என்பது அவனுக்குக் கேட்கவில்லை. கதவைத் திறந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டது மட்டும் தெரிந்தது.