தூண்டிலின் மறுமுனை

படகிலிருந்த சிறுமி மனோனின் தூண்டில் நரம்பு இரண்டு முறை வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. வேறு நாளாக இருந்தால் வினோத்குமாருக்கு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்திருக்கும். இன்று அவன் நரம்பு இறங்கிய இடத்தையே உற்றுப் பார்த்தான்.

'குடும்பத்தோடு மீன் பிடிக்கலாம், குழந்தைகளுக்கு மீன் நிச்சயம்' என்று போர்டு மாட்டி, அரியாங்குப்பத்து உப்பங்கழியில் படகு விடுகிறவன் அவன். அந்த நிச்சயத்துக்குப் பெயர் அன்பழகன். சுரபுன்னை வேர்களுக்குள் கழுத்தளவு முங்கி, பறிக்கூடை நிறைய உயிருள்ள மடவை மீன்களோடு உட்கார்ந்திருப்பான். படகிலிருந்து வரும் தூண்டில் முள்ளைப் பிடித்து, மடவையின் வாயைக் கட்டைவிரலால் பதமாகத் திறந்து மாட்டிவிட்டு, நரம்பை இரண்டு முறை இழுப்பான். குழந்தை கூச்சல் போடும், அம்மா வீடியோ எடுப்பாள். மடவை, முள்ளில் குத்திய இறால் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது சுற்றுலா வந்தவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆனால் படகு கிளம்பும்போதே அன்பழகன் போன் பண்ணியிருந்தான். "அண்ணே, கொழந்தைக்கு ஜொரம். நெல்லித்தோப்புல டாக்டர்கிட்ட ஒக்காந்துனு இருக்கேன். இன்னிக்கு என்ன உட்டுடுண்ணே." பின்னால் குழந்தை வீரிட்டு அழுததும் கேட்டது. இன்றைக்கு மீன் இல்லை, காற்று சரியில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வினோத்குமார் வந்திருந்தான்.

மனோன் ரீலைச் சுற்றினாள். மடவை வந்தது. முள் உதட்டின் உள்பக்கமாக, சொட்டு ரத்தம் இல்லாமல், அன்பழகனே மாட்டியது போல அழகாக மாட்டியிருந்தது.

"பாத்தியா? எம்பொண்ணுக்குக் கைராசி" என்றார் ஆலேன், அவளுடைய அப்பா. புதுச்சேரிக்காரர்தான், பாரிஸில் குடியேறி லீவுக்கு வந்தவர். படகில் ஏறியதிலிருந்து எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருந்தவர் இப்போதுதான் சிரித்தார். அவர் மனைவி மதலேன் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தாள்.

வினோத்குமார் வேர்களைப் பார்த்தான். வெயில் இறங்கிவிட்டிருந்தது; சேற்றின் நாற்றமும் அழுகிய இலையின் நாற்றமும் கலந்து நீர்மட்டத்தோடு தவழ்ந்து வர, வேர்களின் நிழல்கள் நீண்டு படகின் விளிம்பைத் தொட, எங்கோ துறைமுகப் பக்கம் ஒரு விசைப்படகின் தடதடப்பு தேய்ந்து அடங்கியது. அதற்குப்பின் ஒரு நண்டுகூட அசையவில்லை.

மறுபடி இரண்டு இழுப்பு. இந்தத் தடவை மடவையின் கண் வழியாக முள் நுழைந்து வயிற்றில் வெளிவந்திருந்தது. மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"சார், இருட்டறதுக்குள்ள கரைக்குப் போயிடலாம் சார்."

"யோவ், கொழந்த இப்பத்தான் ஜாலியா புடிக்குது. ஒனக்கு வீட்டுக்குப் போவணும்னா நீந்திப் போ."

மூன்றாவதாக வந்தது மீனே இல்லை. நீர்க்காகம். இறக்கைகள் உடலோடு ஒட்ட மடிக்கப்பட்டிருந்தன. அலகு திறக்கப்பட்டு, தொண்டையில் முள் மாட்டப்பட்டிருந்தது. மதலேன் போனைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனோன் மட்டும் படகோரம் குனிந்து, தண்ணீரோடு பேசுகிறவள் போலச் சொன்னாள்.

"இன்னும் பெருசா வேணும்."

இந்தப் பெண்ணைக் கரை சேர்த்துவிட்டால் போதும், போர்டையே கழற்றி அடுப்பில் வைத்துவிடலாம் என்று வினோத்குமார் நினைத்தான். இங்கே மோட்டார் சேற்றில் சிக்கும், படகைத் தள்ளும் கோல்தான் கதி. கோலை ஊன்றினான். இறங்கியது. இழுத்தான், வரவில்லை. அடியில் யாரோ பிடித்திருந்தார்கள்.

"பப்பா, முள்ளு மாட்டிக்கிச்சு" என்றாள் மனோன். நரம்பு விறைத்து நின்றது. தூண்டில் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தது.

நரம்பை அறுக்க அவன் கத்தியை எடுத்தான். ஆலேன் கையைத் தட்டிவிட்டார். "பிரான்ஸ்லேர்ந்து எடுத்துனு வந்தது. அறுத்தே, அவ்ளோதான். எறங்கி எடுத்து உடு. எல்லாப் படகுக்காரனும் அதான செய்வான்?"

உண்மைதான். முள் வேரில் சிக்கினால் அவன்தான் எப்போதும் இறங்கி எடுப்பான். இடுப்பளவுத் தண்ணீர். சவாரிக்கு வருகிற எல்லாரிடமும் அவனே சிரித்துக்கொண்டு சொல்வது, விழுந்தாலும் நின்றுகொள்ளலாம் என்று.

மனோனின் மார்பு படகின் விளிம்பைத் தாண்டிவிட்டது.

அவன் இறங்கினான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சேறு கணுக்கால் வரை விழுங்கியது. நரம்பைப் பிடித்து, விரல்களால் தடவிக்கொண்டே போனான். வேர்ப்பக்கம் போகும் என்றிருந்தான். போகவில்லை. அவன் இடுப்பைச் சுற்றியது. முதுகுக்குப் பின்னால் போனது.

பயந்தான். வாய்விட்டு "ஐயோ" என்றான்.

பின்னால் தண்ணீர் சலசலக்கவில்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. பின்னங்கழுத்தில் ஒரு கை. குளிர்ந்த கை. அவசரமே இல்லை அதற்கு. அவனைப் பையப் பைய அழுத்தி மண்டியிட வைத்தது. தண்ணீர் தாடைக்கு வந்தது. மூக்குக்கு வந்தது. தலைக்கு மேல் மூடியது.

ஒரு கட்டைவிரல் அவன் உதடுகளுக்கு நடுவே நுழைந்தது. பதமாக வாயைத் திறந்தது.

மேலே, கலங்கிய நீருக்கு அப்பால், மதலேனின் போன் வெளிச்சம் மஞ்சளாகப் பரவியது. மூன்று முகங்கள் குனிந்து பார்த்தன. இது நான், நான்தான் என்று கத்த நினைத்தான். நாக்கு எழும்பவில்லை. கன்னத்துக்குள் இரும்பு.

"விடாத, மனோன்! சுத்து, சுத்து!" ஆலேனின் குரல் தண்ணீருக்குள் மந்தமாக வந்தது.

நரம்பு விறைத்தது. அவன் முகம் நீரைக் கிழித்து மேலே வந்தது. வெளிச்சம் நேராக அவன் கண்ணில் விழுந்தது. மனோன் அவனைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது அவளுக்கு, சந்தேகமே இல்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ரீலை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.