முதல் தடவையிலேயே

பென் டிரைவ் முதல் தடவையிலேயே சரியாகச் செருகிக்கொண்டது. உலகத்தில் யாருக்கும் நடக்காத அதிசயம். நடந்தபோதே கழட்டிமாட்டி எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கழட்டிமாட்டி என்பது அந்த நெட்வொர்க்காரருக்கு ஆபீஸ் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "கழட்டி மாட்டுங்க" என்பார். இந்த ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வராவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள், அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. பென் டிரைவில் இருக்கும் புது மென்பொருளை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் ஏற்றவேண்டும், அவ்வளவுதான். ஏற்றாமல் கிளம்பினால் வேலை போகும். கிளம்பாமல் இருந்தால் வீடு போகும்.

ஸ்விட்சின் பின்பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்தது. கையை மட்டும் இடுக்கில் விட்டு, துளையைத் தடவித் தடவித்தான் செருகவேண்டும். ஜன்னலில்லாத அறையில் மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல், சூடான தூசியின் வாசனை, அதற்கும் அடியில், ஈரத்துணியை நாள்கணக்கில் பொத்திவைத்தாற்போல் இன்னொரு வாசனை.

ஸ்விட்சோடு இணைத்து வைத்திருந்த லேப்டாப்பின் திரை சொன்னது: பென் டிரைவ் இல்லை.

கழட்டினார். உடனே திரை: பென் டிரைவ் இணைக்கப்பட்டது.

கையிலிருந்ததைப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. லேசான பிசுபிசுப்பு. சட்டையில் துடைத்துக்கொண்டார். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

போன் அடித்தது. மனைவி.

"கிளம்பிட்டீங்களா?"

"இதோ, கடைசியா ஒரு தடவை கழட்டி மாட்டிட்டு..."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. யாரது பக்கத்துல, 'திருப்பு திருப்பு'ன்னு?"

"யாருமில்லம்மா. ஃபேன் சத்தம்."

"உங்க ஃபேனுக்கு நல்லாவே பேச வருது" என்று வைத்துவிட்டாள்.

போனைத் தரையில் வைத்தார். பென் டிரைவை வேண்டுமென்றே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கையை இடுக்கில் விட்டார். விரல்களுக்குள்ளேயே அது மெல்லத் திரும்பியது. பொருந்தியது. முதல் தடவையிலேயே.

திரை: இல்லை.

பிடுங்கப் பார்த்தார். பென் டிரைவ் அங்கே இல்லை. துளையும் இல்லை. தகரம் இருக்கவேண்டிய இடத்தில், மெத்தென்று ஏதோ.

கையை இழுத்தார். வரவில்லை.

போன் மறுபடி அடித்தது. எட்டவில்லை.

ஆள்காட்டி விரலை உள்ளே ஏதோ ஒன்று பிடித்தது. அவசரமே இல்லாமல். எதிலோ செருகிப் பார்த்தது. பொருந்தவில்லை. கையைத் திருப்பியது. மணிக்கட்டு திரும்புகிற மட்டும் திரும்பியது.

அப்புறமும் திரும்பியது.

தரையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் புது வரி.

இணைக்கப்பட்டது. நகல் எடுக்கப்படுகிறது.