மேல்தாடையில் பல் இல்லை!

"ஐயோ... மண்டை! மண்டை!"

ராக்காயி போட்ட அலறலில் ரப்பர் பால் வாளி உருண்டது. காலையெல்லாம் வெட்டின பால், மொத்தமும் மண்ணில்!

அவளுடைய நாய் வாலை ஆட்டியது.

வாயில் மண் ஒட்டிய மண்டையோடு!

1926. மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒத்தப்பாறை ரப்பர் தோட்டம். கூலிகள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் நாய் தோண்டிய குழி. அது பிச்சைமுத்துவின் வீடு. அவன் பெண்டாட்டி இருளாயியை மூன்று மாதமாக யாரும் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு எலும்புகள் சாக்கில் ஏறின. பதினொன்றுக்கு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். பதினொன்றரைக்குப் பிச்சைமுத்து வாயைத் திறந்தான். அதைக் கேட்டு இங்கிலீஷில் எழுதியவர் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி ஞானசேகரம். யாழ்ப்பாணத்துக்காரர். முத்து முத்தான கையெழுத்து.

ஒரே வரி.

'என் மனைவி இருளாயியை நான்தான் வெட்டினேன்.'

கீழே பிச்சைமுத்துவின் கைநாட்டு.

மூன்று மணிக்கு ரயில். அப்புறம் ஜெயில். அப்புறம் கோர்ட். அப்புறம்... கயிறு!

பிச்சைமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாருக்கோ கயிறு என்பதைப்போல.

அப்போதுதான் சன்னாசி ஆபீசுக்குள் வந்தார். ஈப்போ மாட்டாஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். தோட்டத்துக் காளைகளுக்குக் கோமாரி... மருந்து போட வந்தவர்.

"கிராணி ஐயா, காளைக்கெல்லாம் மருந்து போட்டாச்சு. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா கெளம்பிடுவேன்."

"பொறும் சன்னாசி! இங்க கொலைக் கேஸ்!"

சன்னாசி சாக்கைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகச் செத்த மாடுகளோடு இருக்கிற ஆள். முகம் மாறவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"இது யாரு மண்டைன்னு சொன்னீங்க?"

"இவன்ர பெண்சாதியின்ர."

"மேல்தாடையில முன்பல்லு இல்லையே ஐயா..."

"விழுந்திருக்கும்!"

"விழுந்தா குழி இருக்கணும். இங்க வழவழன்னு இருக்கு. ஆடு மாட்டுக்குத்தான் மேல முன்பல்லு கெடையாது."

கீழ்த்தாடையை எடுத்து லேசாக முறுக்கினார். 'டக்'... இரண்டு பாதியாகக் கழன்றது!

"மனுசனுக்கு மோவாயில ஒட்டி ஒரே எலும்பாயிடும். இது ஒட்டல. நெத்தியப் பாருங்க, கொம்ப ஒடிச்ச தழும்பு."

ஜன்னல் வழியே ராக்காயி தலையை நீட்டினாள்.

"இருளாயிக்குக் கொம்பு கெடையாது! நாக்குதான் நீளம்லா!"

யாரும் சிரிக்கவில்லை.

"இது ஆட்டு மண்டை ஐயா," என்றார் சன்னாசி.

கிராணி தான் எழுதிய காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இவன் ஏன் ஒத்துக்கொண்டவன்? நான் என்ர காதால கேட்டனான்!"

சன்னாசி திரும்பினார். "என்னப்பா சொன்ன?"

பிச்சைமுத்து சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருளாயிக்கு வெட்டுனேன்னு சொன்னேண்ணே."

"கேட்டீரோ! இருளாயிக்கு வெட்டினவன்!" கிராணி மேஜையைத் தட்டினார்.

"ஐயா... உங்க ஊர்ல 'எனக்கு அடிச்சான்'னா என்ன அர்த்தம்?"

"என்னை அடிச்சவன் எண்டு அர்த்தம். வேற என்ன?"

"எங்காளுங்க அப்படிப் பேச மாட்டாங்க. 'என்னைய அடிச்சான்'ம்பாங்க. இருளாயி எங்க சாமி. அவன் பொண்டாட்டிக்கும் சாமி பேருதான். சாமிக்கு ஆடு வெட்டுனேன்னு சொல்லியிருக்கான். பொண்டாட்டிய வெட்டிட்டான்னு நீங்க எழுதிட்டீங்க!"

கிராணியின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பாதி திக்கினார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை நாலாகக் கிழித்தார். விலங்கு கழன்றது!

"உன் பொண்டாட்டி எங்கப்பா?" சன்னாசி கேட்டார்.

"ஊருக்குப் போயிட்டா. பினாங்குல கப்பல் ஏறி."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலையேண்ணே."

மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

சன்னாசி எலும்புகளைத் திரும்பச் சாக்கில் போட்டார். ஒன்று... இரண்டு...

கை நின்றது.

ஒரு சின்ன எலும்பு. சாண் நீளம்கூட இல்லை. இரண்டு பக்கமும் வளைந்திருந்தது.

"பிச்சைமுத்து... கொஞ்சம் நில்லு."

"என்னண்ணே?"

"இந்த ஆட்டுக்குக் காறை எலும்பு இருக்கே!"

"அதென்ன?" என்றார் கிராணி.

சன்னாசி தன் கழுத்துக்குக் கீழே, தோளை நோக்கி விரலை ஓட்டினார். "இந்த எலும்பு. மனுசனுக்கு உண்டு. ஆட்டுக்குக் கெடையாது. மாட்டுக்கும் குதிரைக்கும் கெடையாது."

"குழிய எவ்வளவு ஆழம் தோண்டுனீங்க?"

"நாய் தோண்டுனதோட விட்டுட்டாங்க!" ஜன்னலிலிருந்து ராக்காயி சொன்னாள். "அந்தக் குழிக்குப் பக்கத்துல யாரு போவாங்க?"

"இன்னும் ரெண்டடி தோண்டச் சொல்லுங்க ஐயா."

பிச்சைமுத்து படியில் உட்கார்ந்தான். ஓடவில்லை. அழவில்லை.

"ஊருக்குப் போறேன்னு பெட்டி கட்டுனாண்ணே. போகாதன்னேன். இந்தச் சீமையில எனக்கு அவ ஒருத்திதான். கேக்கல." கையைப் பார்த்தான். "வீடெல்லாம் ரத்தம். அதான் ஒரு ஆட்டயும் வெட்டி மேல போட்டேன். கேட்டா சாமிக்குன்னு சொல்லிக்கலாம்னு..."

மறுபடி விலங்கு மாட்டினார்கள். கையை அவனே நீட்டினான்.

கிராணி தரையில் கிடந்த நாலு துண்டுக் காகிதத்தையே பார்த்தார்.

"பொறுக்கி ஒட்டுங்க ஐயா," என்றார் சன்னாசி, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே. "உங்க காதுலதான் தப்பா விழுந்துச்சு... கை சரியாத்தான் எழுதியிருக்கு!"