மூன்று பாத்தியில் நான்கு பேர்

காலையில் எழுந்ததும் இலை கழுவுவதுதான் அமலியின் முதல் வேலை. மிதவூரில் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வேலை. இரவெல்லாம் வீசிய காற்று உருளைக்கிழங்குச் செடிகளின் மேல் உப்பைத் தூவிவிட்டுப் போயிருக்கும். வெயில் ஏறுவதற்குள் நல்ல தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடாவிட்டால் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டுவிடும். நன்னீராக்கி நிலையத்திலிருந்து அளந்து வரும் தண்ணீரில் முதல் பங்கு செடிக்கு. மிச்சம்தான் மனிதர்களுக்கு.

தூத்துக்குடிக் கரையோரத்தைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மன்னார் வளைகுடாவில் மிதவை வீடுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டிய ஊர் அது. ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் இடுப்புயரத் தொட்டிகளில் மூன்று பாத்திகள். ஈர மண் கனமானது. ஒரு மிதவை அதற்கு மேல் தாங்காது. ஊர் உருவான புதிதில் ஒரு புயல் பருவம் முழுக்க அரிசிக் கப்பல் வர முடியாமல் போய், பலர் பட்டினியில் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் வாய்க்கணக்கு. மீன் ஊருக்குப் பொது. ஆனால் வயிற்றை நிரப்பும் கிழங்கு அவரவர் பாத்தியிலிருந்து வர வேண்டும். ஒரு வீட்டின் பாத்திகள் எத்தனை வாய்க்குப் போதுமோ, அத்தனை பேர்தான் அந்த வீட்டில் இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நிறைநாளில் விளைச்சலை எடை போட்டுப் பார்ப்பார்கள். குறைந்தால் ஒருவர் கரைமுகாமுக்குப் போக வேண்டும்.

அமலியின் வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவன் சவரி, மகள் செலின். செலின் பிறப்பதற்கு முன்பும் மூன்று பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது ஆள் அமலியின் அக்கா மதலேன்.

அமலிக்கு வயிறு தெரியத் தொடங்கியபோது, யார் கரைக்குப் போவது என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தவள், அக்கா துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அழுதாள், மறித்தாள். மதலேன் மடித்த சேலையை மறுபடி உதறி இன்னும் ஒழுங்காக மடித்தாள்.

"பிள்ளைக்கு அம்மையும் வேணும், அப்பனும் வேணும். பெரியம்மை திரையில இருந்தாப் போதும்டி" என்றாள்.

அன்றிலிருந்து மதலேன் வீடியோ அழைப்பின் திரையில்தான் இருக்கிறாள். கடல்சுவருக்குப் பின்னால், கூடம் கூடமாக ஆட்களை அடைத்து வைத்திருக்கும் கரைமுகாமின் பொதுச் சமையலறையில் அவளுக்கு வேலை. செலின் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். பெரியம்மாவின் முகம் தெரியும், குரல் தெரியும். பெரியம்மா ஒருமுறைகூட அவளைத் தொட்டதில்லை.

மூன்று பாத்தியில் நான்கு பேருக்கு விளைய வைத்தால் அக்கா திரும்பி வரலாம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் மிதவூரின் வரலாற்றில் யாருக்கும் அது கைகூடியதில்லை. உருளைக்கிழங்கு கிழங்கு வைக்க இரவில் மண் குளிர வேண்டும். கடலின் மேல் இரவும் பகலைப் போலவே புழுங்கியது. கரையிலுள்ள ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் லேப் விதைக்கிழங்கு தளதளவென்று வளரும், பூக்கும், தோண்டிப் பார்த்தால் பெரிய நெல்லிக்காய் அளவில் சில கிழங்குகள் இருக்கும்.

அமலி நன்னீராக்கி நிலையத்தில் பம்ப் மெக்கானிக். பழுதான எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். ஒரு கோடையில் செடிகளில் பூ உதிர்ந்த இடத்தில் பச்சைத் தக்காளி போன்ற சிறு காய்கள் தொங்குவதைக் கவனித்தாள். விஷக்காய், கிள்ளி எறியுங்கள் என்பது வேளாண் அலுவலகத்தின் அறிவுரை. அவள் ஒன்றைப் பிளந்து பார்த்தாள். உள்ளே கத்தரி விதை போல விதைகள்.

அது அவளை யோசிக்க வைத்தது. கிழங்கை நட்டால் வருவது தாய்ச்செடியின் நகல். தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. விதையிலிருந்து வரும் செடியோ ஒவ்வொன்றும் தனிப்பிறவி. பெரும்பாலானவை உதவாது என்பதால்தான் லேப் அதைத் தொடுவதில்லை. மிதவூரிலும் யாரும் தொடவில்லை. ஒரு பாத்தியைச் சூதாட்டத்துக்குக் கொடுப்பது ஒரு ஆளைச் சூதாட்டத்துக்குக் கொடுப்பது போல.

பாத்தி வேண்டாம், பழைய மீன் கூடைகள் போதும் என்று அமலி முடிவு செய்தாள். மிதவை ஓரத்துக் கம்பித் தடுப்பில் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டு, மண்ணுக்குப் பதில் தென்னைநார்த் துகளையும் மழைநீரில் அலசி மக்க வைத்த கடற்பாசியையும் நிரப்பினாள். கூடிய எடைக்கு ஈடாக வீட்டிலிருந்த இரும்புக் கட்டிலும் பீரோவும் வெளியேறின. தரையில் படுத்தால் முதுகு பிடிக்கிறது என்று சவரி சில நாள் முனகிவிட்டுப் பழகிப்போனான்.

முதல் பருவத்தில் எதுவும் தேறவில்லை. அடுத்ததிலும் இல்லை. செத்தவை செத்தன, பிழைத்தவை இலையாக மட்டுமே தழைத்தன. அக்கம்பக்கத்தார் கூடைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்சமாவது கிழங்கு வைத்தவற்றின் காய்களை மட்டும் எடுத்து அவள் மறுபடி விதைத்தாள். அப்படி வந்ததுதான் அந்த முரட்டுச் செடி. தண்டு விரல் தடிமன். இலையைச் சொரசொரவென்று பூனைமுடி மூடியிருந்தது. உப்பு அந்த முடியில் தங்கிவிடும், இலையைத் தொடாது. ஒரு நாள் இலை கழுவ மறந்தும் அது வாடவில்லை. தண்டு உயர உயர அதைச் சுற்றி நார்த்துகளை அணைத்துக்கொண்டே போனாள். பருவ முடிவில் கூடையைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து மேல் வரை, மூடிய தண்டு முழுக்கக் கிழங்கு. ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கைக்கு அடங்கவில்லை.

செலின் அதிலேயே பெரியதை இரண்டு கையாலும் தூக்கி, இதுதான் பெரியம்மா என்றாள். அந்த ரகத்துக்கு அதுவே பெயராயிற்று.

ஒரு செடியைப் பல செடிகளாக்க இன்னும் ஒரு பருவம் ஆயிற்று. பிறகுதான் உண்மையான சோதனை. நிறைநாளில் எடைக்கு வருவது பாத்தியில் விளைந்தது மட்டுமே. கூடையில் விளைந்தது கணக்கில் சேராது. மூன்று பாத்தியிலும் லேப் கிழங்கை விட்டுவிட்டு இதையே நட வேண்டும்.

சவரி ஒத்துக்கொள்ளவில்லை. பாத்தியில் இது எப்படி வருமென்று யாருக்குத் தெரியும் என்று கேட்டான். பொய்த்துப்போனால் நம்மில் ஒருவர் போக வேண்டும், அது யாரென்று இப்போதே சொல் என்றான்.

"நான் போறேன். அக்கா போனது எனக்காகத்தானே" என்றாள் அமலி.

 மறுநாள் சவரியே பாத்தியைக் கொத்தி, நடுவதற்குக் குழி எடுத்துக் கொடுத்தான்.

செடிகள் பாத்தியில் நன்றாகவே பிடித்தன. தொட்டியின் விளிம்புக்கு மேல் பலகை கட்டி, தண்டு ஏற ஏற நார்த்துகளால் மூடினார்கள். நிறைநாள் நெருங்கியபோது தென்கிழக்கிலிருந்து ஒரு புயல் சின்னம் வந்தது. ஊரை நேராகத் தாக்கவில்லை, ஆனால் இரண்டு நாள் அலைச்சாரல் வீட்டுக் கூரைக்கு மேல் எழும்பி விழுந்தது. தெருவே கருகிப்போனது. எல்லோருடைய பாத்தியிலும் இலைகள் வெந்த கீரை போலத் துவண்டு கிடந்தன. அமலியின் செடிகளும் பாதிக்குப் பாதி பழுத்துவிட்டன. அவற்றைப் பார்த்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று கிளறிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

நிறைநாளன்று, விளைச்சலை எடை போட்டுப் பதியும் அளவர் மைக்கேல்ராஜ் தராசு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கிழங்கு குறைந்தாலும் குறைவு என்றே எழுதுகிற மனிதர். ஊரில் யாரும் அவருடன் அதிகம் பேசுவதில்லை. புயலால் தெரு முழுக்கவே விளைச்சல் மோசம், இந்த ஆண்டு தளர்வு கேட்டுக் கரைக்குச் சொல்லியிருக்கிறேன் என்று வருத்தமாகச் சொல்லிக்கொண்டே தராசை நிறுத்தினார்.

சவரி பலகையைக் கழற்றினான். நார்த்துகள் சரிந்தது. அதோடு கிழங்குகளும் சரிந்து தரையில் உருண்டன. ஒன்று உருண்டுபோய் மைக்கேல்ராஜின் செருப்பில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமலி கையை உள்ளே விட்டாள். விட்ட இடமெல்லாம் கிழங்கு தட்டுப்பட்டது. தராசுத் தட்டு நிறைந்து, கொட்டி, மறுபடி நிறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தடுப்பின் மேல் சாய்ந்து பார்த்தார்கள். மூன்று பேருக்கான அளவை இரண்டாவது பாத்தி முடியும்போதே தாண்டிவிட்டது. கடைசிப் பாத்தி முடிந்தபோது நான்கு பேருக்கும் போதும், விதைக்கு வைக்கவும் மிஞ்சும்.

மைக்கேல்ராஜ் தராசின் சென்சாரைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை எடை போட்டார். பிறகு நாலு என்று பதிந்தார். சவரி திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

எல்லோரும் கலைந்த பின்னும் அளவர் போகவில்லை. முதலில் காலில் முட்டிய கிழங்கு அவர் கையிலேயே இருந்தது.

"இத நான் எடுத்துக்கிடட்டுமாம்மா? என் மகனும் மருமகளும் கரையில இருக்காங்க" என்றார். "போன வருசம் நான்தான் அனுப்பினேன். குறைவுன்னு நானே எழுதினேன்."

அமலி உள்ளே போய் ஒரு கூடை நிறையக் கிழங்குகளைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். முளை வந்ததும் கண் கண்ணாக வெட்டி நடுங்கள், தண்டு ஏற ஏற மூடிக்கொண்டே போங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். மிஞ்சியவற்றைச் சவரி தெருவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் மதலேன் வந்தாள். படகிலிருந்து அவள் மிதவையில் கால் வைத்ததும் வீடு சற்றே அமிழ்ந்து எழுந்தது. அமலி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். செலின் சற்றுத் தள்ளி நின்று பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். பெரியம்மா இவ்வளவு குள்ளமாக இருப்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதை வாய்விட்டே சொன்னாள். மதலேன் சிரித்த சிரிப்பு நாலு வீடு தள்ளிக் கேட்டது.

மறு ஆண்டு அந்தத் தெரு முழுக்க முரட்டு இலைகள். அதற்கடுத்த ஆண்டு ஊர் முழுக்க. கரையிலிருந்து மைக்கேல்ராஜின் மகனும் மருமகளும் வந்து சேர்ந்து, அவர் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையை முதல்முறை குளிப்பாட்ட மதலேனைக் கூப்பிட்டார்கள். அவள் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, வெந்நீர் ஊற்றினாள். குழந்தை வீறிட்டது. சுற்றிலும் ஒரே கூட்டம். அந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.