மூன்றாம் சவரம்

காலையில் மழித்த உச்சந்தலையில் மதியத்துக்குள் முடி முளைத்திருந்தது. உடம்புள்ள ஆளுக்கே அது கொஞ்சம் அவசரம்தான். படைவீரன் டென்பாச்சி மடியில் வைத்திருந்த தலைக்கோ கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

ஜப்பானில் ஷோகன் ஆட்சி சரிந்துகொண்டிருந்த இலையுதிர் காலம் அது. போரில் எடுத்த தலையைக் கழுவி, மழித்து, குடுமி கட்டித்தான் பிரபுவின் பார்வைக்கு வைக்கவேண்டும். கோட்டைக் கிடங்கில் ஓயாத மழைச் சத்தமும், ஈர வைக்கோல் நாற்றமும், நாற்றத்தை மறைக்க ஏற்றிய அகில் புகையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, அவன் கத்தியைத் தீட்டி மறுபடியும் மழித்தான். சரக், சரக் என்று அது உயிருள்ள தோலில் கேட்பது போலவே கேட்டது.

தலைகளைக் கழுவும் விதவை ஓஷிகே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா, விடிஞ்சதுலேருந்து இவனுக்கே சவரமா? மாப்பிள்ளையா அனுப்பப் போறீங்களா?"

"உன் வேலையப் பாரு."

"பாத்துட்டுதான் சொல்றேன். மத்த தலையெல்லாம் கழுவக் கழுவ ரத்தம். நீங்க கொண்டாந்த தளபதி மட்டும் சுத்தமா இருக்காரு. செத்து ஆறினவன அறுத்தாத்தான் இப்படி இருக்கும்."

"வாய மூடு!"

"எனக்கென்ன? பிரபு கேப்பாரு, அவருகிட்ட சொல்லுங்க."

அவள் சொன்னது சரி. சண்டை நடந்த பகல் முழுக்க டென்பாச்சி மூங்கில் புதரில் பதுங்கிக் கிடந்தான். பிறகு, காய்ச்சலில் செத்துக் கிடந்த எதிரித் தளபதியின் தலையை அறுத்து, வெட்டியவன் என்று தன் பெயரைச் சின்னப் பலகையில் எழுதிக் குடுமியில் கட்டிவிட்டான். பொய் தெரிந்தால் சாமுராயைப் போல வயிற்றைக் கிழித்துக்கொள்ளக்கூட விடமாட்டார்கள். திருடனை வெட்டுவது போல வெட்டிக் குழியில் தள்ளுவார்கள்.

முடி மறுபடி முளைத்தது. மூன்றாம் முறை மழித்தான். கத்தி லேசாகக் கீறியது.

ரத்தம் வந்தது.

சூடாக.

முரசு ஒலித்தது. துடைத்தான். கீறல் தெரியாமல் மாவு பூசினான். மரத்தட்டில் தலையை வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

மண்டியிட்டு, தட்டை நெற்றிக்கு மேலே தூக்கி, குனிந்தான். காட்டுகிறவன் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அது முறை.

"எடுத்தது யாரு?" என்றார் பிரபு.

"நான்தான் பிரபு. நேருக்கு நேர் நின்னு வெட்டினேன்."

பட்டாடைகளின் சலசலப்பு நின்றது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

தட்டில் ஏதோ உரசியது. உள்ளங்கையில் தெரிந்தது. மெல்ல இடப்பக்கம். மெல்ல வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம்.

கழுத்தில்லாத அந்தத் தலை, இல்லை, இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது.