ராசாக்கள் வராத சோதனை

"அண்ணை மாதிரிப் படிச்ச மனுசனுக்கு வாய்ச்சதைப் பாருங்கோவன்!"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொடங்கிவிட்டாள் பியற்றிஸ். தமையன் வீட்டுச் சனிக்கிழமையைக் கெடுக்கவென்றே 'மிச்சம்' என்கிற ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள் மகராசி! மேரிறோஸ் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

"நேற்று நீர்கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தனான் மச்சாள். உங்கட அம்மாவுக்கு எழும்பவும் ஏலாதாம். மகள் எப்ப வருவாள் எண்டு கேட்டா. சிற்றிசன் சோதனையிலை உங்கட மகள் மூண்டு தரமும் பெயில், பாஸ்போட் இல்லாமல் எப்பிடி வாறது எண்டு உள்ளதைச் சொன்னன். பெத்த தாய்க்காகவாவது நாலு பக்கம் படிச்சிருக்கலாமே!"

"அம்மா... என்ன சொன்னவ?"

"என்னத்தைச் சொல்லுறது? அழுதவ."

மேரிறோஸுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அவளா பெயில்? முதல் தரமே பாஸானவள் அவள்! மூன்று தரமும் கோட்டை விட்டவர், அதோ, பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிற அவள் புருசன் யோகராஜா. யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற சரித்திர வாத்தியார். சோதனைப் புத்தகத்தில் இருந்த வெள்ளைக்கார ராசாக்களின் கதையை ஆண்டு பிசகாமல் பாடமாக்கினார். அதிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. டொக்டரிடம் பேர் பதிவது எப்படி, பிள்ளைகள் எத்தனை வயதில் வேலைக்குப் போகலாம் என்றெல்லாம் கேட்டார்கள். இந்த நாட்டில் பதினொரு வருசம் வீட்டை இழுத்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

"பாஸானது நான், உமக்காகக் காத்திருக்கிறன் எண்டு சொல்லுவம் மேரி... சனத்துக்கு எந்த முகத்தோடை முழிக்கிறது?" என்று அவர் கண்கலங்கிய அன்று தலையாட்டினாள், மடைச்சி! சிற்றிசனுக்குத் தனியாக விண்ணப்பித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதையும் செய்யவில்லை. இப்போது படுக்கையில் கிடக்கிற தாய், மகளுக்குத் தன்னைப் பார்க்க மனமில்லை என்றல்லவா நினைத்திருப்பாள்... அவள் விம்மி அழுதாள்.

பேப்பர் கீழே இறங்கியது.

"வாயை மூடு பியற்றிஸ்! பெயிலானது நான். மூண்டு தரமும் நான்தான்."

பியற்றிஸ் குரலைத் தாழ்த்தி, "ஐயோ அண்ணை... உந்தக் கதையை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ!" என்றாள்.

"ஏன்?" மேரிறோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நான் பெயில் எண்டால் நீர்கொழும்பு வரைக்கும் சொல்லலாம். உங்கட அண்ணை பெயில் எண்டால் மூச்சு விடக்கூடாதோ?"

யோகராஜா ரெலிபோன் அட்டையைச் சுரண்டி, அதிலிருந்த எண்களை அழுத்தினார். இரண்டு தரம் எண்கள் பிழையாய்ப் போயின.

"மாமி... உங்கட மகள் பாஸ். பெயிலானது நான். வெக்கத்திலை அவளின்ரை தலையிலை போட்டிட்டன்..." ரிசீவரை மனைவியிடம் நீட்டினார்.

"ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறாய் பிள்ளை," என்றது மெலிந்த குரல். "என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே..."

புருசன் மானத்தைக் காக்கப்போய்த் தாயிடமே பொய்காரியாகி நின்றாள். அவமானத்தில் மறுபடியும் அழுதாள்.

"சரி, அழாதை. எப்ப வாறியள்?"

மேரிறோஸ் கணவனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"இண்டைக்கே சிற்றிசன் விண்ணப்பத்தை நிரப்பிறன் அம்மா," என்றாள். "நான் தனியத்தான் வாறன்."