ஜெபசீலன் வீட்லேர்ந்து பேசறேன்

"ஜெயம்மா…" என்று மாமனார் கூப்பிட்டார். சமையலறையிலிருந்து "ஆங்" என்று பதில் வந்தது.

கூடத்தில் உட்கார்ந்து மகள் ஸ்வீட்லினுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த ரெபேக்காளின் கை அப்படியே நின்றது. சமையலறையில் யாரும் கிடையாது. வீட்டோடு இருந்த வேலைக்காரி மத்தியானம்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கணவன் ஜெபசீலன் இன்னும் சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறான். அப்புறம் எவள் உள்ளே இருந்து ஆங் கொட்டுகிறாள்?

எழுந்து போய்ப் பார்த்தாள். தீய்ந்த பாலின் வாடை, தொட்டியில் குவிந்து கிடக்கும் பாத்திரங்கள், சரியாக மூடாத குழாயிலிருந்து ஒரு தட்டின் மேல் விழும் சொட்டு, ஜன்னல் வழியாகக் கோயில் மலைப்பக்கத்திலிருந்து வரும் சந்தன வாசனையும் ஆட்டோக்களின் ஹாரனும், கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கொண்டு இறங்கும் கூட்டத்தின் இரைச்சலும்தான் இருந்தன. பின்கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதை ஒட்டிய ஸ்டோர் ரூமில் வேலைக்காரியின் பாய் சுருட்டிக் கிடந்தது. தெருவில் போகிற எவளாவது எவளுக்காவது பதில் சொல்லியிருப்பாள் என்று முடிவு கட்டினாள். பயப்படுவதற்கும் நேரம் வேண்டுமே, அது யாரிடம் இருக்கிறது?

திங்கட்கிழமை அவள் அரக்கோணத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கே ஒரு தனியார் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. மாமனார் ராஜமாணிக்கத்துக்குப் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து லீவு மேல் லீவு. திங்கள் காலையில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஜெபசீலனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "உட்டுத்தான் தொலையேன், ஊட்ட பாத்துக்கினு இரு" என்றான். அலைந்து திரிந்து அவளே தேடிப் பிடித்த வேலை அது. அங்கே அவளுக்கென்று ஒரு மேஜை உண்டு, ரெபேக்கா மேடம் என்று கூப்பிட நாலு பேர் உண்டு. வீட்டோடு இருக்கிற மாதிரி ஒரு ஆள் கிடைத்தால் அது நிலைக்கும். இல்லாவிட்டால் போச்சு.

ஆள் கிடைக்காமல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடித்துக் கொடுக்கிற பக்தவச்சலம் யாரையாவது அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். கனகம்மாசத்திரத்துக்காரி ஒருத்தி வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல் போனாள். திருவாலங்காட்டுக்காரி ஒருத்தி, கரும்பு வெட்டப் போனாலும் போவேன், இங்கே இருக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். சோறு போட்டு, துணி எடுத்துக் கொடுத்து, அக்கா அக்கா என்று கொஞ்சினாலும் இவளுகளுக்குத் திமிர் என்று ரெபேக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமனாருக்கு வந்தவளெல்லாம் ஜெயம்மாதான். ஜெபசீலன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டோடு இருந்தவள் பெயர் அது. அவள் செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இவள் ஜெயம்மா இல்லை என்று திருத்தினால் பெரியவர் சோற்றைத் துப்பிவிடுவார். அதனால் புது ஆள் வந்ததுமே ரெபேக்காள் சொல்லிவிடுவாள்: "பெரியவரு ஜெயம்மான்னு கூப்புடுவாரு. ஆங்-னு சொல்லிடு. உனுக்கு என்னா கொறைஞ்சிடப் போவுது?"

மத்தியானம் போனவளும் அதையேதான் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்று அழுதாள்.

"மருந்து கடையில பேரு கேட்டாங்கக்கா. ஜெயம்மான்னு சொல்ட்டேன். ஐயோ, தப்பா சொல்ட்டமேன்னு மாத்தி சொல்லலாம்னு வாய தொறக்கறேன், என் பேரு வரமாட்டுது. நடுத்தெருவுல நின்னுகினு இருக்கறேன்."

"மறதிதானே, இதுக்குப் போயி யாராவது வேலைய விடுவாங்களா?"

"சரிக்கா. நீங்க ஒரே ஒரு தபா என் பேர சொல்லிக் கூப்புடுங்க. இருக்கறேன்."

ரெபேக்காள் வாயைத் திறந்தாள். வரவில்லை. நுனி நாக்கில் நின்றது. அவள் தடுமாறுவதைப் பார்த்ததுமே அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். தெருமுனை தாண்டின பிறகுதான் கெங்கம்மாள் என்று ஞாபகம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

ஜெபசீலன் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள். "ஏங்க, அந்த ஜெயம்மா எப்படிங்க செத்தா?"

"காய்ச்சல்ல. பின்னாடி ஸ்டோர் ரூம்லதான். காலைல போய்ப் பாத்தா ஆளு இல்ல." சோற்றைப் பிசைந்தான். "ஆனா அவ பேரு ஜெயம்மா இல்லியே."

"என்னாது?"

"அவளுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளாம், அவதான் ஜெயம்மா. நைனா அதே பேர்லியே இவளையும் கூப்டுகினு இருந்தாரு. அதுக்கும் முன்னாடி யாராச்சும் இருந்தாங்களான்னு தெரியல."

"அப்போ செத்தவ பேரு என்னா?"

கையை நிறுத்தி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "யாரும் கேக்கலியே" என்றான். "ரசத்துல உப்பு கம்மி."

சனிக்கிழமை ஜெபசீலனுக்கு வேலை இருந்தது. ஸ்வீட்லின் டியூஷன் போயிருந்தாள். ரெபேக்காள் மூத்திரத் துணியை அலசி, அரிசி களைந்து, பக்தவச்சலத்துக்குப் போன் போட்டு, கிருத்திகை முடியட்டும் மேடம் என்கிற பாட்டை மறுபடியும் கேட்டு, கொதித்துப்போய்க் கிடந்தாள். மாமனார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து அந்த ஆங். அவள் சமையலறையில் நின்றால் ஸ்டோர் ரூமிலிருந்து வந்தது. ஸ்டோர் ரூம் வாசலில் போய் நின்றால் உள்ளே, சுவர் ஓரத்தில், தரையோடு தரையாகக் கிடக்கிற யாரோ எழுந்திருக்க முடியாமல் சொல்கிற மாதிரி மெதுவாக, அலுத்துப்போய் வந்தது. கற்பூரத் தைலமும் பழைய வேர்வையும் கலந்த ஒரு வாடை. பாய் மட்டும்தான் இருந்தது.

கர்த்தரே, கர்த்தரே என்று முனகிக்கொண்டே மாத்திரையைக் கரைத்து எடுத்துப் போனாள். மாமனார் பல்லை இறுக்கிக்கொண்டார்.

"ஜெயம்மா."

"நான் ரெபேக்காள், மாமா. வாய தொறங்க."

"ஜெயம்மா."

"மாமா, நேரமாவுது. முழுங்கலேன்னா மறுபடியும் இழுத்துக்கும்னு டாக்டர் சொன்னாரு இல்ல?"

"ஜெயம்மா. ஜெயம்மா. ஜெயம்மா."

ஒரு கோணல் வாயால், ஒரே குரலில், மூச்சு விடாமல். பின்னாடி இருந்து அந்த ஆங்கும் விடவில்லை. அவர் ஒரு தரம், அது ஒரு தரம். மருந்து ஸ்பூனிலிருந்து வழிந்து மணிக்கட்டு வரை ஓடியது. ரெபேக்காளுக்கு இத்தனை மாதமாக உள்ளே அடக்கி வைத்திருந்தது எல்லாம் மண்டைக்கு ஏறிற்று.

"ஆங்! ஜெயம்மாதான்! நான்தான் ஜெயம்மா! போதுமா? தொற வாய!"

மாமனார் வாயைத் திறந்தார். சமர்த்தாக விழுங்கினார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

வீடு அமைதியாகிவிட்டது. குழாய் சொட்டுவதுகூட நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாமனார் கூப்பிட்டபோது சமையலறையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவளேதான் போகவேண்டியிருந்தது. சனியன் ஒழிந்தது என்றுதான் முதலில் நினைத்தாள்.

சாயங்காலம் ஸ்வீட்லின் உள்ளேயிருந்து கத்தினாள். "ஜெயம்மா, என் ரிப்பன் எங்க?"

முதுகில் ஒன்று வைத்தாள். "யாருடி ஜெயம்மா? அம்மாவை அப்படித்தான் கூப்புடுவியா?"

குழந்தை அழவில்லை. அடித்த கையைப் பார்த்தது, அப்புறம் படுக்கையறைப் பக்கம் பார்த்து, "மம்மி, இந்தம்மா அடிக்குது" என்றது.

ஞாயிற்றுக்கிழமை அவளால் சர்ச்சுக்குப் போகமுடியவில்லை. மாமனாருக்கு வயிறு போய்க்கொண்டிருந்தது. ஜெபசீலனும் குழந்தையும் போய்விட்டு வந்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள். எட்டிப் பார்த்தால் இரண்டு பேர்தான். கூடத்தில் மல்லிகை வாசனை. அவள் பூ வாங்கவே இல்லை. படுக்கையறையில் திங்கட்கிழமைக்கு என்று அவள் எடுத்து வைத்திருந்த நீலப் புடவை இஸ்திரி போட்டு, சூடு ஆறாமல், கட்டிலின் மேல் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை அவள் தொடவே இல்லை. தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம்.

நாளைக்குள் ஆள் வந்தே ஆகவேண்டும். மறுபடியும் பக்தவச்சலத்துக்குப் போன் போட்டாள்.

"யாரு பேசறது?"

"ஜெபசீலன் வீட்லேர்ந்து பேசறேன்." எப்போதும் அப்படித்தான் சொல்வாள். எல்லாப் பெண்களும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

"சார் வீட்லேர்ந்து யாரு?"

"நான்தான்."

"நான்னா? பேரு சொல்லும்மா."

வாயைத் திறந்தாள். நாக்கு மேலே போயிற்று. எந்த எழுத்துக்கு என்று தெரியாமல் அப்படியே நின்றது. பைபிளில் இருக்கிற பெயர். கிணற்றடி. குடம். தண்ணீர் மொண்டு ஊற்றின பெண். கதை முழுசாக ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை.

"ஓ, வேலை செய்யற அம்மாவா?" என்றார் பக்தவச்சலம். "இப்பத்தானே மேடமே போன் பண்ணாங்க. வீட்டோட இருக்கற மாரி ஆளு கெடச்சிடுச்சு, இனிமே யாரும் வேணாம்னு சொன்னாங்களே. உன்னத்தான் சொன்னாங்களா? நல்ல எடம்மா. இருந்துக்கோ."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். ஆபீஸ் அடையாள அட்டை கைப்பைக்குள் இருக்கும். ஆணியில் கைப்பை இல்லை. ஜெபசீலன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, என் பேரு சொல்லுங்க."

"மறைக்காத."

"உங்க கால்ல விழறேன். ஒரே ஒரு தடவ என் பேர சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல டீ கொண்டா." அவன் கண் அவளைத் தாண்டி டிவியிலேயே இருந்தது.

இவனும் இப்படித்தானா! இத்தனை வருஷம் குப்பை கொட்டினதற்கு இதுதானா! அழுகையும் ஆத்திரமுமாக டீ போட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. மலைமேல் விளக்குகள் எரிந்தன. பால் பொங்கும்போது கரெண்ட் போயிற்று. அடுப்பின் நீலம் மட்டும். கூடத்திலிருந்து ஜெபசீலனின் குரல் வந்தது.

"ரெபேக்கா!"

அதுதான். அதேதான். வந்துவிட்டது. திரும்பி, பதில் சொல்ல மூச்சை இழுத்தாள்.

"இதோ வந்துட்டேங்க" என்று படுக்கையறையிலிருந்து குரல் கேட்டது.

அவளுடைய குரல்.

கொலுசு. அவளுடைய கொலுசு. குனிந்து காலைப் பார்த்தாள். வெறும் கால். படுக்கையறைக் கதவு திறந்தது. காலடி. கூடத்தில் சிரிப்பு. குழந்தை ஏதோ கேட்டது. குரல் ஏதோ சொன்னது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். விடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அ-விலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. கூடத்தில் அந்தப் பெயர் கேட்டதே, அதுகூட இப்போது காதில் இல்லை.

விடிந்ததும் வாசலில் பைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடினாள். பின்கதவு, சந்து, முன்வாசல். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்வீட்லின் பைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரெட்டைப் பின்னல், ரிப்பன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஜெபசீலன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ரெபேக்காள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். நீலப் புடவை. தோளில் கைப்பை. கழுத்தில் ஆபீஸ் அட்டை. கொசுவத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏங்க!" என்று கேட்டருகே நின்றவள் கத்தினாள். "அது நானு இல்லிங்க! ஏங்க! திரும்பிப் பாருங்க!"

ஜெபசீலன் திரும்பினான். "நைனாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு மாத்திரை குடு" என்றான். "மறந்துடாத."

வண்டி நகர்ந்தது. அரக்கோணம் போகிற பக்கம் திரும்பும்போது ரெபேக்காள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதே நெற்றி, அதே மூக்கு, தாடையில் அதே மச்சம். கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் இல்லை. பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது.